எம். எஸ். நோயாளிக்கு நித்திரை இல்லை: வன்னியில் இருந்துகொண்டு எந்தச் சிகிச்சையைத் தெரிவது?

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு பெண் தம் கணவருக்காக என்னிடம் கேட்ட கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். கணவருக்கு மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம். எஸ்., என்ற நரம்பு நோய் இருப்பது உறுதிசெய்யப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஓராண்டாக இரவில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ச்சியான நித்திரை இல்லை. கிளினிக்கில் தந்த குளிசையைப் போட்டால் உறங்குகிறார், ஆனால் விடிந்த பிறகு கால்கள் முன்னரை விடத் தள்ளாடுகின்றன. மருந்தில்லாத சிகிச்சை ஒன்று இருக்கிறது என்றும், அதற்கு யாழ்ப்பாணம் வரை ஆறு ஏழு தடவை போய்வர வேண்டும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போவதா, குளிசையையே தொடர்வதா, கைத்தொலைபேசியில் உள்ள செயலியைப் பார்த்து வீட்டிலேயே செய்வதா என்பது அவருடைய கேள்வி.

என் அக்காவுக்கு இதே நோய் எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. இதே கேள்வியோடு நாங்களும் பல மாதங்கள் அலைந்தோம். நான் வைத்தியர் அல்லன். மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் வைத்தியரோடு பேசிச் செய்ய வேண்டியது. எந்த வழிக்கு எந்தச் சுமை ஒளிந்திருக்கிறது என்பதைப் பட்டறிவில் இருந்தும் படித்ததில் இருந்தும் இங்கே எடுத்து வைக்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

ஏட்டை மட்டும் பார்த்தால் பதில் எளிது. வாரத்தில் மூன்று இரவுகளாவது வந்து, மூன்று மாதங்களுக்கு நீடிக்கும் நித்திரையின்மைக்கு நடத்தைச் சிகிச்சையையே, அதாவது படுக்கைப் பழக்கங்களை மாற்றும் மருந்தில்லாத சிகிச்சையையே, முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 இலும், ஐரோப்பிய நித்திரை ஆய்வுச் சங்கம் 2017 இலும் பரிந்துரைத்துள்ளன. ஆனால் அந்தப் பரிந்துரை முல்லைத்தீவுக் கரையில் இருந்து பஸ் ஏறும் ஒருவரையோ, இரவில் எழுந்தால் சுவரைப் பிடித்து நடக்கும் ஒருவரையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. ஆகவே நான் ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

கிடைத்த பயன் ஆறு மாதங்கள் கழித்தும் நிற்குமா என்பது முதலாவது. விழும் ஆபத்து, பகற்களைப்பு, வெக்கை ஆகிய மூன்றையும் எம். எஸ். உள்ள உடம்பு தாங்குமா என்பது இரண்டாவது. பயணம், கூடப் போகிறவரின் நாட்கூலி, வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தச் செலவு என்ன என்பது மூன்றாவது. அது தமிழில் கிடைக்கிறதா என்பது நான்காவது. ஐந்தாவதையே நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்: இரண்டாம் வாரத்தில் உங்களைப் பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்? நடத்தைச் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு நிலைமை முதலில் சற்று மோசமாகி, பிறகுதான் திரும்பும். அநேகமாக அந்த இரண்டாம் வாரத்தில்தான் ஆட்கள் கைவிடுகிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்போதுதான் கைவிட்டோம்.

## தெரிவுக்கு முன்: நித்திரையைக் கெடுப்பது எது?

எந்த வழியைத் தெரிந்தாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகக் கூடாது. எம். எஸ். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்கும் நோய். எந்த இடத்து நரம்பு பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து நித்திரை கெடும் வழியும் மாறும். சிறுநீர்ப்பையின் நரம்பு பாதிக்கப்பட்டவர் இரவில் நான்கைந்து தடவை எழும்புவார். தசை இறுக்கம் உள்ளவரைக் கால் இழுத்துப் பிடித்து எழுப்பும். படுத்தவுடன் காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருந்து, எழுந்து நடந்தால் தணியுமானால் அது அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம். எம். எஸ். உள்ளவர்களிடம் அது மற்றவர்களை விடக் கூடுதலாகக் காணப்படுகிறது, இரும்புச்சத்துக் குறைவு அதை மோசமாக்கும், பெரிற்றின் என்ற இரத்தப் பரிசோதனையில் அதைப் பார்க்கலாம். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதற்கு வேறு சோதனை வேண்டும். மெதைல்பிரட்னிசலோன் போன்ற ஸ்ரெரொயிட் ஊசி போடும் நாட்களில் நித்திரை கெடுவது வழக்கம். அதைக் காலையில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்பது பயன்தரும். களைப்புக்காகக் கொடுக்கப்படும் அமன்ரடீன், மொடபினில் போன்றவற்றைப் பிற்பகலில் எடுத்தாலும் இரவு விழித்திருக்க நேரும்.

வன்னியில் இன்னொரு காரணத்தையும் கேட்டே ஆக வேண்டும். 2009 ஆம் ஆண்டின் போரை இந்த மண்ணில் கடந்து வந்தவர்களில் சிலருக்கு இரவு என்பதே இன்னும் பயம். கனவில் செல் விழுந்து விழித்துக்கொள்பவருக்கு, அந்தக் கனவுகளையும் சேர்த்துப் பார்க்கும் உளநலச் சிகிச்சை தேவை. வெறும் படுக்கை நேர ஒழுங்கு அவருக்குப் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் இதைச் சொல்ல எந்த வெட்கமும் வேண்டாம். மனம் மிகவும் தாழ்ந்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருமானால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழையுங்கள்; அது இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்குகிறது.

இவற்றில் திருத்தக்கூடியதைத் திருத்திய பிறகும் நித்திரை திரும்பாவிட்டால், அப்போதுதான் கீழே உள்ள நான்கு வழிகளுக்கும், அதாவது நேரடிச் சிகிச்சை, தாதியும் தொலைபேசியும், செயலி, குளிசை ஆகியவற்றுக்கும், வேலை.

## நடத்தைச் சிகிச்சையில் உண்மையில் நடப்பது

முதல் மூன்று வழிகளுக்கும் உள்ளே இருப்பது ஒரே சிகிச்சைதான் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நோய் நித்திரையைக் குழப்பத் தொடங்குகிறது. ஆனால் அதன் பிறகு நாம் செய்யும் ஈடுகட்டல்கள், அதாவது எட்டு மணிக்கே படுப்பது, விடிந்தும் படுத்துக் கிடப்பது, பகலில் இரண்டு மணித்தியாலம் கண்ணயர்வது, படுக்கையில் கிடந்தபடியே நாளைய கவலைகளை எண்ணுவது ஆகியவை, அந்தக் குழப்பத்தை நிரந்தரமாக்கிவிடுகின்றன. நோயை மாற்ற முடியாவிட்டாலும் இந்த ஈடுகட்டல்களை மாற்றலாம் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

அதில் இரண்டு கருவிகள் முக்கியமானவை. 1972 இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தது ஒன்று: நித்திரை வந்தால் மட்டும் படு, பதினைந்து இருபது நிமிடத்துக்குள் வராவிட்டால் எழுந்து வேறிடம் போ, படுக்கையை நித்திரைக்கு மட்டும் வைத்திரு, எப்படி உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்பு. 1987 இல் ஆர்தர் ஸ்பீல்மன் வெளியிட்டது மற்றது: உறங்கும் நேரத்துக்கு ஏற்றபடி படுக்கையில் கழிக்கும் நேரத்தைச் சுருக்குவது. உதாரணமாக ஒருவர் இரவு ஒன்பது மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழும்புகிறார், ஆனால் உறங்குவது ஐந்தரை மணித்தியாலம்தான் என்றால், படுக்கையில் கழியும் ஒன்பது மணித்தியாலத்தில் 61 வீதமே நித்திரை. சுருக்கியபின் இந்த வீதம் 85 ஐத் தாண்டும் வாரங்களில் படுக்கை நேரத்தைப் பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

இங்கே எங்கள் பேச்சுத் தமிழ் ஒரு நன்மை செய்கிறது. "உடம்பு அலுப்பாக இருக்கிறது" என்பதும் "நித்திரை தூங்குகிறது" என்பதும் எங்களுக்கு இரண்டு வேறு நிலைகள். எம். எஸ். உள்ளவருக்கு அலுப்பு எந்நேரமும் இருக்கும். அதை நித்திரை என்று நினைத்துப் படுத்தால் கண் மூடாது. கண் இமை கனத்து, தலை சரிந்து, கையில் உள்ளது நழுவும் நிலை வரும்போது படுப்பதுதான் விதி. அக்காவுக்கு இந்த ஒரு வேறுபாட்டைப் பிடிபட வைத்தபோதுதான் மற்ற விதிகளுக்கும் பொருள் வந்தது.

ஆனால் இந்த இரண்டு கருவிகளையும் அப்படியே எம். எஸ். உள்ளவரிடம் கொடுக்கக் கூடாது. எழுந்து போ என்ற விதியைக் கேட்டு அக்கா ஓர் இரவு இருட்டில் எழுந்து, குசினிப் படியில் விழுந்தார். முழங்கை வீங்கியதோடு தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். மலசலகூடம் முற்றத்தைத் தாண்டி இருக்கும் வீடுகளில் புடையன், விரியன் பயமும் உண்டு. எட்டடி விரியன் பெரும்பாலும் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரையே கடிக்கிறது. ஆகவே எழுந்து நடப்பதற்குப் பதிலாக, கட்டிலோடு ஒட்டிய கைப்பிடிக் கதிரையில் மாறி இருப்பது, அதுவும் முடியாதவர் தலையணை வைத்து நிமிர்ந்து அமர்ந்து மெல்லிய ஒலியில் வானொலி கேட்பது போதும். கட்டிலும் நுளம்பு வலையும் கைக்கெட்டும் ரோர்ச் லைற்றும் இந்தச் சிகிச்சையின் கருவிகள்தான்.

நேரச் சுருக்கமும் அப்படியே. ஒன்பது மணித்தியாலத்தில் இருந்து ஐந்தரைக்கு ஒரே நாளில் இறக்கினால் பகற்களைப்பு தாங்க முடியாததாகும்; கால் தடுமாறும், கண் மங்கும். வாரத்துக்கு அரை மணித்தியாலமாக மெல்ல இறக்கும் முறை ஒன்று உண்டு. எம். எஸ். உள்ளவருக்கு அதையே கேட்க வேண்டும் என்பதும், ஆறு மணித்தியாலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. வலிப்பு வந்தவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும் நேரச் சுருக்கத்தை வைத்தியரின் நேரடிக் கவனிப்பு இல்லாமல் தொடங்கவே கூடாது.

பகல் நித்திரை கூடாது என்ற விதியும் இங்கே தளர வேண்டும். உடற்சூடு ஏறினால் எம். எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். 1890 இல் வில்ஹெல்ம் ஊத்தோவ் என்ற கண் வைத்தியர் விவரித்ததால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. சோளகம் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே நண்பகலைக் கழிப்பவரிடம் படுக்காதே என்று சொல்வது கொடுமை. மூன்று மணிக்கு முன், மணிக்கூட்டில் அலாரம் வைத்து, ஈரத்துண்டோடு இருபது நிமிடம் படுத்தெழும்பலாம்.

எதிர்பார்ப்பும் அளவாக இருக்க வேண்டும். வேறு நோய் இல்லாத, நித்திரையின்மை மட்டும் உள்ளவர்களில் நடந்த 20 ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, சிகிச்சை முடிவில் கண்ணயர எடுக்கும் நேரம் சராசரியாக 19 நிமிடங்களும், இடையில் விழித்திருக்கும் நேரம் 26 நிமிடங்களும் குறைந்தன; மொத்த நித்திரை நேரம் ஏறத்தாழ எட்டு நிமிடங்கள்தான் கூடியது. நித்திரை நீண்டதை விட, துண்டு துண்டாகக் கிடந்தது ஒன்றுசேர்ந்தது என்று இதைச் சொல்லலாம். எம். எஸ். உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் சிறியவை. கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் இருந்து 2020 இல் வெளிவந்த ஆரம்பநிலை ஆய்வு, இவர்களாலும் இந்தச் சிகிச்சையைச் செய்து முடிக்க முடியும் என்றும் நித்திரையின்மையின் கடுமை குறைகிறது என்றும் காட்டியது.

## முதலாம் வழி: பயிற்சி பெற்றவரிடம் நேரில், முழுமையாக

ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள், ஒவ்வொன்றும் அநேகமாக ஒரு மணித்தியாலம். படுக்கை ஒழுங்குகளோடு, "இன்றைக்கு உறங்காவிட்டால் நாளைக்கு நோய் கூடிவிடும்" என்பது போன்ற எண்ணங்களையும் எடுத்துப் பேசுவார்கள். பயம், மனச்சோர்வு, பழைய காயங்கள் ஆகியவை நித்திரையோடு பின்னிக் கிடப்பவருக்கு இதற்கு நிகரானது வேறில்லை.

மறைந்த செலவு பயணத்தில் இருக்கிறது. முல்லைத்தீவில் இருந்து பரந்தன் வந்து, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போவது ஒரு வழிக்கே 100 கிலோமீற்றருக்கு மேல். ஆறு தடவை போய்வந்தால் 1200 கிலோமீற்றரைத் தாண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்றாலும், இந்தப் பயணம் கூடப் போகிறவரின் ஆறு நாட்கூலியையும், நோயாளியின் மறுநாளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். வெயிலில் பஸ்ஸில் போய்வந்த இரவு எங்கள் வீட்டில் எந்த விதியும் நிற்கவில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன். போகுமுன் தொலைபேசியில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே உள்ளவர் நித்திரையின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா, பொதுவான ஆலோசனை வழங்குபவரா? இரண்டும் ஒன்றல்ல. நரம்பியல் கிளினிக் நாளோடு சந்திப்பைப் பொருத்தித் தர முடியுமா என்றும் கேளுங்கள். முடியுமானால் பயணம் குறையும்.

## இரண்டாம் வழி: சுருக்கமான சிகிச்சை, அருகில் உள்ள தாதி, தொலைபேசி

அமெரிக்காவின் பிற்ஸ்பர்க்கில் டானியல் பைசேயும் குழுவினரும் 2011 இல் வெளியிட்ட முறை நான்கு வாரங்கள் மட்டுமே கொண்டது. இரண்டு தடவை நேரில், இரண்டு தடவை தொலைபேசியில். மூத்தவர்களிடம் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். இங்கிலாந்தில் 642 பேரைக் கொண்டு நடந்து 2023 இல் வெளிவந்த பெரிய ஆய்வு இன்னும் ஒரு படி போனது. அங்கே நேரச் சுருக்கத்தைச் செய்வித்தவர்கள் உளவியலாளர்கள் அல்லர். குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண தாதியர். நான்கு சுருக்கமான சந்திப்புகளே நடந்தன, ஆறு மாதங்கள் கழித்தும் பயன் நின்றது.

எங்களுக்கு இது முக்கியமான செய்தி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகளும், தமிழில் பேசும் தாதியரும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முன்வந்து, நித்திரைக் குறிப்பைப் பார்த்து, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினால் சிகிச்சையின் பெரும்பகுதி நடந்துவிடும். என் ஐந்தாவது கேள்விக்கு நான்கு வழிகளிலும் மிகத் தெளிவான பதில் இங்கேதான் கிடைக்கிறது. எங்களுக்கும் இரண்டாம் முயற்சியில் கைகொடுத்தது இதுவே. இரண்டாம் வாரத்தில் "இன்னும் நாலு நாள் பொறுங்கோ அக்கா" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னது, எந்தக் குளிசையும் செய்யாத வேலையைச் செய்தது.

குறைகளும் உண்டு. இது எழுதப்பட்ட சேவையாக எந்தப் பலகையிலும் இருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். அந்தத் தாதிக்கு இடமாற்றம் வந்தால் இடையில் அறுந்துபோகும். எம். எஸ். பற்றி அவருக்கு அனுபவம் இல்லாதிருக்கலாம், ஏனெனில் எங்கள் பகுதியில் இது அரிய நோய். மேலே சொன்ன மாற்றங்களை நீங்களே எடுத்துச் சொல்ல நேரும். ஆழ்ந்த மனச்சோர்வுக்கும் போர்க்காலக் கனவுகளுக்கும் இது போதாது.

## மூன்றாம் வழி: செயலியோடு தனியே

இணையவழி நடத்தைச் சிகிச்சை வெறும் விளம்பரம் அல்ல. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் நிறுவனம் 2022 இல், ஸ்லீப்பியோ என்ற செயலியை நித்திரைக் குளிசைக்கு மாற்றாகப் பரிந்துரைத்தது. அமெரிக்க முன்னாள் படையினர் திணைக்களம் இலவசமாகத் தரும் இன்சோம்னியா கோச் என்பதும் நம்பத்தக்கது. பயணம் இல்லை, காத்திருப்பு இல்லை.

ஆனால் இவை ஆங்கிலத்தில் இருப்பவை. பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்லித்தான் நடக்க வேண்டுமென்றால், அந்தப் பிள்ளையின் நேரத்தையும் செலவில் சேருங்கள். செயலிக்கு உங்கள் கால் தள்ளாடுவது தெரியாது. நேரச் சுருக்கத்தை எல்லோருக்கும் சொல்வது போலவே சொல்லும். நடை உறுதியாக உள்ள, நோய் தொடங்கி அதிக காலம் ஆகாத, ஆங்கிலம் வாசிக்கும் இளையவருக்கு இது பொருந்தும். மற்றவர்கள் இதை நித்திரைக் குறிப்பேடாக மட்டும் பயன்படுத்தலாம். அதற்கு ஒரு கொப்பியும் போதும்.

## நான்காம் வழி: குளிசை

குளிசை வேலை செய்யும், அதுவும் அன்றிரவே. கைவிடப்பட்ட உணர்வோடு மூன்று இரவு கிடந்தவருக்கு அது பெரிய ஆறுதல் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். ஸ்ரெரொயிட் ஏறும் நாட்கள், வீட்டில் இழவு, வைத்தியசாலையில் தங்கும் இரவுகள் ஆகியவற்றில் சில நாட்கள் முதல் இரண்டு மூன்று வாரங்கள் வரை எடுப்பதே சரியான தெரிவாக இருக்கலாம்.

நீடித்தால் விலை ஏறுகிறது. டயஸெபாம், குளோனஸெபாம் போன்றவை தசையைத் தளர்த்துவதால் ஏற்கெனவே பலவீனமான கால் இரவில் எழும்பும்போது மடியும். காலையில் மந்தமும் மறதியும் வரும். மூச்சுத்தடை உள்ளவருக்கு ஆபத்து. பழகிவிட்டால் விடுவது கடினம். சொல்பிடம் என்ற நித்திரைக் குளிசையை எடுத்தவர்களில் சிலர் உறக்கத்திலேயே எழுந்து நடமாடியதால் அமெரிக்காவில் 2019 இல் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அமிற்றிப்ரிலின் நரம்பு வலிக்கும் உதவும், ஆனால் சிறுநீர் கழிவதைத் தடுக்கலாம், அமைதியற்ற கால் நோயைக் கூட்டலாம். கடையில் எளிதாக வாங்கும் தடிமன் குளிசையை நித்திரைக்காகப் போடுவதும் அந்தக் கால் நோயைக் கூட்டலாம். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் இல்லாமல் போனதைக் கண்ட நாங்கள், கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது என்றும் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நாட்பட எடுத்த நித்திரைக் குளிசையையோ, தசை இறுக்கத்துக்கான பக்ளோபெனையோ திடீரென நிறுத்தாதீர்கள். வைத்தியர் படிப்படியாகக் குறைத்துத் தர வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | நேரில் முழுமையாக | தாதியும் தொலைபேசியும் | செயலி | குளிசை |
|---|---|---|---|---|
| பயன் தெரிவது | சில வாரங்களில் | இரண்டு முதல் நான்கு வாரங்களில் | சில வாரங்களில், கைவிடாவிட்டால் | அன்றிரவே |
| பயன் நிற்பது | நீடிக்கும் | நீடிக்கும் | விடாது செய்தவருக்கு நீடிக்கும் | நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும் |
| எம். எஸ். உடம்புக்கு | ஏற்றபடி மாற்றலாம் | மாற்றலாம், நீங்கள் நினைவூட்ட வேண்டும் | மாற்றாது | விழும் ஆபத்து கூடும் |
| மறைந்த செலவு | பயணம், நாட்கூலி | இடமாற்றம், தேடிக் கேட்கும் அலைச்சல் | மொழி, தனிமை | பகல் மந்தம், பழக்கமாதல் |
| இரண்டாம் வாரத்தில் துணை | உண்டு | உண்டு, வீட்டில் இருந்தபடியே | இல்லை | தேவைப்படுவதில்லை |

## யாருக்கு எது

நடை தள்ளாடுகிற, கூடப் போக ஒருவர் மட்டுமே உள்ள, தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் ஒருவருக்கு, அதாவது எங்களில் பெரும்பாலானோருக்கு, இரண்டாம் வழியையே நான் சொல்வேன். கனவுகளும் மனச்சோர்வும் முன்னிற்பவர் பயணச் சுமையைத் தாங்கியாவது முதலாம் வழிக்குப் போக வேண்டும். அந்தப் பணத்தையும் நாட்களையும் உறவினர் பகிர்ந்துகொண்டால் அது வீணாகாது. வவுனியா நகரிலோ கிளிநொச்சியிலோ இருந்து பயணம் எளிதானவருக்கும் அப்படியே. எம். எஸ். தாக்கம் புதிதாக எழுந்து ஸ்ரெரொயிட் ஏறிக்கொண்டிருப்பவர் எந்த நடத்தைச் சிகிச்சையையும் அந்த வாரத்தில் தொடங்க வேண்டாம். குளிசையோடு கடந்துவிட்டுப் பிறகு தொடங்கலாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவு போல விழித்திருந்தே ஆக வேண்டிய இரவு வந்தால் ஒழுங்கு குலைந்துவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம். மறுநாளும் வழக்கமான நேரத்தில் எழும்பினால் போதும்.

புதுக்குடியிருப்புச் சகோதரிக்கு நான் சொன்னது இது. குளிசையை இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். நாளை காலையில் இருந்து ஒரு கொப்பியில், படுத்த நேரம், ஏறத்தாழ உறங்கிய நேரம், எத்தனை தடவை எதற்காக எழும்பினார், விடிய எத்தனை மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கினார் என்பவற்றை இரண்டு வாரங்கள் எழுதுங்கள். இரவில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம், காலையில் நினைவில் உள்ளது போதும். கட்டிலோடு ஒரு கதிரையைப் போட்டு வையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அந்தக் கொப்பியை வைத்தியரின் மேசையில் வைத்து, சிறுநீரையும் கால்களையும் இரும்புச்சத்தையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அங்கே நிற்கும் தாதியிடம் கேளுங்கள்: "நாங்கள் இதைத் தொடங்கினால், இரண்டாம் கிழமை ஒருக்கால் எங்களுக்குப் போன் எடுப்பீங்களோ?"